நாற்காலிக்கும் கழிப்பறைக்கும் நடுவே

சிறுநீர் முட்டுகிறது என்று உடல் சொன்னதும் ஒருவர் எழுந்து கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் எத்தனை காரியங்களைச் செய்கிறார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் அந்த உணர்வைக் கவனிக்க வேண்டும். கையை ஊன்றி எழ வேண்டும். கால் நிலைக்கும்வரை ஒரு கணம் நிற்க வேண்டும். செருப்பைத் தேட வேண்டும், வாசற்படியைத் தாண்ட வேண்டும், சுவிட்சைப் போட்டுத் தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும். ஈரத்தரையில் வழுக்காமல் திரும்பி, துணியைத் தூக்கியோ முடிச்சை அவிழ்த்தோ உட்கார வேண்டும். இவ்வளவும் முடியும்வரை சிறுநீர்ப்பை பொறுத்திருக்க வேண்டும். அதன் பிறகு கழுவி, எழுந்து, துணியைச் சரிசெய்து, கை கழுவி, வந்த வழியே திரும்ப வேண்டும். யோசிக்காமல் செய்து பழகியதால் எல்லாம் சேர்ந்து ஒரே காரியமாகத் தெரிகிறது. நடுவில் ஏதாவது ஒன்று தடைப்பட்டால் போதும், புடவை நனைந்துவிடும்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, எழுதுவது, வேலைக்குப் போவது என்று அன்றாடம் செய்துவந்ததை நோயோ விபத்தோ முதுமையோ பறித்துக்கொள்ளும்போது அதை மீட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கிய பயிற்சிப் பள்ளியோடு இந்தியாவில் இதன் கதை ஆரம்பிக்கிறது. பக்கவாதம் வந்த கைக்குப் பயிற்சி கொடுப்பவர்கள், ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்பவர்கள் என்றுதான் பலரும் எங்களை அறிந்திருக்கிறார்கள். சிறுநீர் கசிகிறது, அடக்க முடியவில்லை என்று எங்களிடம் யாரும் நேராக வருவதில்லை. முழங்காலுக்காகவும் கைக்காகவும் அழைப்பார்கள். பேச்சு முடிந்து கிளம்பும் நேரத்தில், வாசல் வரை கூடவே வந்து, குரலைத் தாழ்த்தி இதைச் சொல்வார்கள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு நேரங்களை அளந்துகொள்வேன். உணர்வு வந்த பிறகு அவரால் எவ்வளவு நேரம் அடக்க முடிகிறது என்பது முதலாவது. இருக்கும் இடத்திலிருந்து கிளம்பிக் கழிப்பறையில் உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்பது இரண்டாவது. அடக்கும் நேரம் நீளமாக இருந்தால் அவர் நனையமாட்டார். போய்ச் சேரும் நேரம் நீளமாக இருந்தால் நனைவார். மருந்தும் தசைப் பயிற்சியும் அடக்கும் நேரத்தை நீட்டிக்கப் பார்க்கின்றன. அதைப் பற்றி மருத்துவர்கள் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும். போய்ச் சேரும் நேரத்தைக் குறைப்பது பற்றிப் பேசத்தான் ஆளில்லை. என் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது.

கும்பகோணத்துப் பக்கம் ஒரு பழைய வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுப்படி எல்லாம் தாண்டிக் கொல்லை. கொல்லையின் கோடியில் கழிப்பறை. அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சிறுநீர்ப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் குறை ஒன்றும் இல்லை. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்ற பதிலோடு டயப்பரும் கைக்கு வந்திருந்தது. "ராத்திரி எழுந்து ஓடுறாங்க மேடம், எங்கயாவது விழுந்துடப் போறாங்கன்னு பயமா இருக்கு" என்றார் மகன். அவர் பயம் நியாயமானது. அவசர அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட முதியவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

படுத்த நிலையிலிருந்து ஒருமுறை போய்க் காட்டச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. அவரால் அடக்க முடிந்தது ஏறக்குறைய இரண்டு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் நடையில் செலவானது குறைவு. கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கடியிலிருந்து உருவுவதற்கே அரை நிமிடம் ஆயிற்று. கயிற்றுக் கட்டில் குழிந்து போயிருந்ததால் எழுந்து நிற்க மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. கொல்லைக் கதவின் மேல்தாழ்ப்பாள் அவர் கை எட்டும் உயரத்தில் இல்லை; ஒவ்வொரு முறையும் ஒரு குச்சியைத் தேடி எடுத்துத் தட்டித் திறந்தார். அவருடைய சிறுநீர்ப்பை தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தது.

கட்டிலுக்குப் பலகை போட்டு, கால்களுக்கடியில் மரக்கட்டை வைத்து, உட்கார்ந்தால் பாதம் தரையில் நன்றாகப் படிந்து முழங்காலைவிட இடுப்பு சற்று மேலே நிற்கும்படி உயர்த்தினோம். கொசுவலையை எழுந்திருக்கும் பக்கம் கிழித்து, ஒன்றன்மேல் ஒன்று விழும் திரைபோலத் தைக்கச் சொன்னேன். தாழ்ப்பாளை இடுப்புயரத்துக்கு இறக்கினார் ஆசாரி. இரவுக்கு ஒரு கமோடு நாற்காலி வாங்கலாம் என்றபோது மட்டும் அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "சாமி படம் மாட்டியிருக்கிற கூடத்துல நான் அப்படி உக்காருவேனா? என்ன பேச்சும்மா இது?" என்று கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்தை மதிக்காமல் கொண்டுபோய் வைத்திருந்தால் நாற்காலி துணி காயப்போடத்தான் பயன்பட்டிருக்கும். ரேழியை ஒட்டிச் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, ஒரு சின்ன இரவு விளக்கு போட்டு, அங்கே வைத்தோம். பாத்திரத்தைக் காலையில் யார் எடுத்துக் கொட்டுவது என்பதை அந்தக் குடும்பம் தங்களுக்குள் பேசி முடிவு செய்ய அவகாசம் தேவைப்பட்டது. அந்தப் பேச்சை எந்த வீட்டிலும் நான் அவசரப்படுத்துவதில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். பகல் முழுவதும் திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் கணுக்கால் வீங்கியிருக்கும். அப்படிக் காலில் தங்கும் நீர், படுத்ததும் இரத்தத்தில் திரும்பிச் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. இரவில் மூன்று முறை எழுப்புவது பெரும்பாலும் அந்த நீர்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் காலைத் தலையணைமேல் உயர்த்திப் படுக்கச் சொன்னேன். கால் ஏன் வீங்குகிறது என்பதை மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எந்த வேளையில் சாப்பிடுவது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சாயங்காலம் விழுங்கிய மாத்திரை ராத்தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

கசிவு எல்லாம் ஒரே வகை அல்ல. இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் கசிவது ஒரு வகை. கீழே தாங்கும் தசைகள் தளர்ந்ததன் அடையாளம் அது. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கதவைத் தொடுவதற்குள் போய்விடுவது இன்னொரு வகை. நிரம்புவதற்கு முன்பே சிறுநீர்ப்பை சுருங்கிவிடுகிறது. புராஸ்டேட் வீக்கத்தாலோ நாள்பட்ட சர்க்கரையில் நரம்பு கெட்டதாலோ பை காலியாகாமல் நிரம்பிச் சொட்டுச் சொட்டாக வழிவது மூன்றாவது. கும்பகோணத்து அம்மாவுக்கு இருந்தது நான்காவது: பை நன்றாக இருக்கிறது, மனிதரால்தான் போய்ச் சேர முடியவில்லை. ஒருவரிடமே இரண்டு மூன்று வகைகள் கலந்திருப்பதும் உண்டு. அதனால் மருத்துவர் பார்க்காமல் நான் எதையும் தொடங்குவதில்லை. சிறுநீரில் இரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், அடிவயிறு வலித்தும் சிறுநீர் பிரியாமல் இருப்பது, திடீரென்று கால் தளர்ந்து பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது ஆகிய இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருத்துவர் பார்த்த பிறகு என் முதல் கருவி ஒரு நோட்டுப் புத்தகம். மூன்று நாளைக்கு எப்போது, எவ்வளவு குடித்தார், எப்போது போனார், அளவுக் குவளையில் எவ்வளவு வந்தது, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பேத்தி எழுதுவாள், அல்லது சுவர்க் காலண்டரில் கோடு போடுவார்கள். பெரியவர்களின் சிறுநீர்ப்பை சாதாரணமாக 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். 150, 200 சேரும்போதே முதல் உணர்வு லேசாக வந்துவிடும். பகலில் ஆறிலிருந்து எட்டு முறை போவது இயல்பு. இந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த நோட்டைப் படித்தால், பல மாதமாகப் புரியாதது கண்முன் வந்து நிற்கும். இரண்டாவது காபிக்குப் பின்னால்தான் கசிகிறதா, சமையலறைக் குழாயைத் திறக்கும்போதா, பேருந்திலிருந்து இறங்கி வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்கும்போதா என்று தெரிந்துவிடும். நான் அந்த நோட்டில் இன்னொரு பத்தியும் போட்டு வைப்பேன்: இதனால் இன்று எதைச் செய்யாமல் விட்டீர்கள்? பெரும்பாலும் அந்தப் பத்தியைத்தான் நிரப்பி நிரப்பி எழுதுவார்கள். கல்யாணத்துக்குப் போகவில்லை, கோயிலில் பிரகாரம் சுற்றவில்லை, தங்கை வீட்டில் இரவு தங்கவில்லை, பேரனைத் தூக்கவில்லை. என் சிகிச்சையின் குறிக்கோளை அந்தப் பத்தியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன்.

கோயில் வாசலில் பூக் கட்டி விற்கும் ஒரு அம்மா. காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் மதியம் ஒன்றுவரை எழ முடியாது. கட்டணக் கழிப்பறை பேருந்து நிலையத்தில். அவர் தானாகக் கண்டுபிடித்த வைத்தியம் தண்ணீரைக் குறைப்பது. காலையில் ஒரு டீ, அவ்வளவுதான். நம் ஊரில் இதைச் செய்யாத உழைக்கும் பெண் அபூர்வம். ஜவுளிக்கடை விற்பனைப் பெண்கள், போக்குவரத்துக் காவலர்கள், ஆசிரியைகள் எல்லோரும் தாகத்தை அடக்கித்தான் வேலை பார்க்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையின் உள்சுவரை உறுத்தும். அவசரம் கூடும், தொற்று வரும். மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும், குடலில் தங்கிய மலம் பையை அழுத்தும். அந்த அம்மாவிடம் முதலில் மாற்றியது தண்ணீரைத்தான். ஒரே மூச்சாகக் குடிக்காமல் மணிக்கொரு முறை சில வாய் குடிப்பது, டீயைப் பாதியாக்குவது, எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் பக்கத்துக் கடை அக்காவிடம் கூடையை ஒப்படைத்துவிட்டுப் போய்வருவது. அவசரமே வராத நேரத்தில் போய்வரச் சொன்னது அவருக்கு முதலில் வினோதமாகப் பட்டது.

அவசரம் வந்தால் என்ன செய்வது என்பதையும் அங்கேயே உட்கார்ந்து பழகினோம். முட்டியவுடன் எழுந்து ஓடுவதுதான் எல்லோரும் செய்வது. ஓடும்போது வயிறு குலுங்கிப் பைமேல் அழுத்தம் கூடுகிறது. அதற்குப் பதிலாக அசையாமல் உட்கார்ந்து, கீழ்த்தசைகளை ஐந்தாறு முறை வேகவேகமாகச் சுருக்கிச் சுருக்கி விட்டு, மனத்தைக் கையிலுள்ள பூச்சரத்தில் வைத்தால் அந்த முட்டல் ஏறி, நின்று, இறங்கிவிடும். இறங்கிய பிறகு நிதானமாக நடந்து போகலாம். வீட்டில் இருக்கும் மாலைகளில் போகும் இடைவெளியைக் கால் மணி, கால் மணியாகக் கூட்டிக்கொண்டே வந்தார். இந்தப் பயிற்சிக்குக் குறைந்தது ஆறு வாரம் வேண்டும். முதல் வாரத்தில் பலன் தெரியாமல் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அந்த வாரத்தைத் தாண்ட வைப்பதற்குத்தான் நான் தேவைப்படுகிறேன்.

தசைப் பயிற்சியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-இல் எழுதியதிலிருந்து உலகம் முழுவதும் அவர் பெயரிலேயே வழங்கும் பயிற்சி அது. காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல உள்ளே இழுத்து, ஆறு முதல் எட்டு விநாடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குக் குறைந்தது எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். மூச்சைப் பிடிக்கக் கூடாது. தொடையையும் பிட்டத்தையும் இறுக்கக் கூடாது. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதும் கூடாது. இவ்வளவும் துண்டுச் சீட்டிலேயே அச்சடித்துக் கொடுக்கிறார்கள். வீட்டுக்குப் போனபின் அந்தச் சீட்டு அலமாரியில் கிடக்கிறது, ஏனென்றால் பயிற்சிக்கென்று தனியாக உட்கார நம் பெண்களுக்கு நேரம் கிடையாது. அதனால் பயிற்சியை நான் வேலைக்குள்ளேயே வைக்கிறேன். பால் பொங்கக் காத்திருக்கும்போது ஒரு தவணை, தொலைக்காட்சியில் விளம்பரம் வரும்போது ஒரு தவணை. இரண்டு பிள்ளை பெற்ற ஒரு பெண், அடிகுழாயிலிருந்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும் கணத்தில் கசிகிறது என்றார். குடத்தின் விளிம்பைத் தொட்டதும் கீழே இறுக்கு, இறுக்கியபடியே மூச்சை விட்டுக்கொண்டு தூக்கு, வைத்த பிறகு தளர்த்து என்று குழாயடியிலேயே வெறுங்குடத்தோடு ஆரம்பித்துப் பழக்கினேன். கால் குடம், அரைக் குடம் என்று கூட்டினோம். தும்மலுக்கும் இருமலுக்கும் இதே முறைதான். வருவதற்கு ஒரு நொடி முன்னால் இறுக்க வேண்டும். எந்த அசைவில் கசிகிறதோ அந்த அசைவிலேயே பழகினால்தான் உடல் அதைப் பிடித்துக்கொள்ளும்.

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேருகிறவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினருக்குச் சிறுநீர்க் கட்டுப்பாடு போய்விடுகிறது. ஓராண்டு கழித்தும் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் அதோடுதான் வாழ்கிறார்கள். இவர்களிடம்தான் உடையும் கழிப்பறையும் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியவரும். பாவாடை நாடாவை ஒற்றைக் கையால் அவிழ்த்துப் பாருங்கள். அவசரத்தில் அது இன்னும் இறுகும். நாடாவை உருவிவிட்டு எலாஸ்டிக் போடுவது ஐந்து நிமிட வேலை. தெருமுனைத் தையல்காரர் செய்துகொடுப்பார். வெல்க்ரோ வைத்த வேட்டி ஜவுளிக்கடையிலேயே கிடைக்கிறது. பேண்ட் போடுகிறவர்களுக்கு ஜிப்பின் நுனியில் ஒரு சாவி வளையத்தைக் கோத்துவிட்டால் விரல் நுழைத்து இழுக்கலாம். புடவையை விடமாட்டேன் என்கிற அம்மாக்களை நைட்டிக்கு மாறுங்கள் என்று நான் வற்புறுத்துவதில்லை. முன்கூட்டியே கொசுவத்தை மடித்துத் தைத்து, இடுப்பில் வெல்க்ரோ வைத்துக் கொடுத்தால் அவர் புடவை கட்டிய மனுஷியாகவே வாசலில் உட்காருவார். அந்த மரியாதை அவருக்குச் சிகிச்சையின் ஒரு பகுதி.

கழிப்பறைக்குள் நான் அடிக்கடி காணும் ஆபத்து துண்டு போடும் கம்பி. அதைப் பிடித்துத்தான் எல்லோரும் எழுகிறார்கள். அது ஆளைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. ஒன்றரை அங்குலத்துக்கு மிகாத பருமனில், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே விரல்கள் நுழைய ஒன்றரை அங்குல இடைவெளி விட்டு, சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய பிடிகம்பி வேண்டும். பலமுள்ள கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில் வேண்டும். எந்த உயரத்தில் என்பதைப் புத்தகம் சொன்னாலும், நான் அந்த மனிதரையே உட்காரவைத்து, கை எங்கே போகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் சுவரில் குறித்த பிறகே கொத்தனாரைத் துளை போடச் சொல்வேன். கதவு வெளியே திறக்க வேண்டும். உள்ளே திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால் அவரை எடுப்பதற்குள் கதவை உடைக்க வேண்டியிருக்கும். இந்தியன் கழிப்பறையின் மேல் போடும் கமோடு ஸ்டூல் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதன் கால்களில் ரப்பர் புஷ் இருக்கிறதா, தேயாமல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். பெண்களுக்கு இன்னொன்று: பொதுக் கழிப்பறையில் அருவருத்துக்கொண்டு பாதி உட்கார்ந்தபடி போனால் பை முழுக்கக் காலியாகாது. வீட்டிலாவது பாதம் தரையில் படிய உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, முடிந்ததும் எழுந்துவிடாமல் சற்றுப் பொறுத்து இன்னொரு முறை முயல வேண்டும்.

இடக்கை செயலிழந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டுப் பாடப் புத்தகங்களில் இதற்கு விடை கிடையாது. நாம் இடக்கையால் கழுவுகிறோம், வலக்கையால் உண்கிறோம். இடது பக்கம் விழுந்துவிட்டால் கழுவவும் உண்ணவும் ஒரே கைதான். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், "இந்தக் கையால அதையும் பண்ணிட்டு, இதே கையால சோறு எப்படிம்மா திங்கிறது?" என்று கேட்டார். கழுவ நேரக்கூடாது என்று சாப்பாட்டைக் குறைத்திருந்தார், தண்ணீரைக் குறைத்திருந்தார். வீட்டார் பசி மந்தம் என்று நினைத்திருந்தார்கள். வலப்பக்கச் சுவரில், உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் ஹெல்த் ஃபாசெட் பொருத்தி, கை படாமல் நீர்வீச்சிலேயே சுத்தமாவதற்குப் பழக்கினோம். கழிப்பறைக்கு வெளியிலேயே ஒரு வாஷ்பேசினும், ஒற்றைக் கையால் அழுத்தும் சோப்பு புட்டியும் வைத்தோம். சாப்பாட்டுக்குத் தடித்த பிடி போட்ட ஸ்பூன். அவர் உட்கார்ந்து எழப் பழகியதைவிட, கூச்சமில்லாமல் மறுபடி தயிர்சாதம் சாப்பிட்டதைத்தான் அந்த வீட்டில் முன்னேற்றமாகக் கண்டார்கள். நானும் அப்படித்தான் கண்டேன்.

மறதி நோயில் கதை வேறு. ஒரு பெரியவர் முற்றத்து மூலையில் சிறுநீர் கழிக்கிறார், "வேணும்னே பண்றார்" என்றது வீடு. அவர் வாழ்நாள் முழுக்கக் கொல்லைப்புறம் போய்ப் பழகியவர். புதிதாகக் கட்டிய குளியலறையின் கதவு சுவர் நிறத்திலேயே இருந்தது, எப்போதும் சாத்தியே இருந்தது. அங்கே ஒரு கழிப்பறை இருக்கிறது என்பது அவர் நினைவில் தங்கவே இல்லை. கதவுக்கு அடர்ந்த நீலம் அடித்தோம், பகலில் திறந்தே வைத்தோம், வெள்ளைக் கோப்பையின் மேல் கருநிற இருக்கையைப் பொருத்தினோம். அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தால் அவசரம் வந்துவிட்டது என்று பொருள். அதை மருமகளுக்குக் காட்டிக் கொடுத்தேன். இரண்டு மணிக்கொரு முறை, "மாமா, போயிட்டு வந்துடலாமா?" என்று கேட்பது, போய்வந்தால் ஒரு நல்ல வார்த்தை சொல்வது. நனைந்த நாட்கள் குறைந்தன. முற்றாக நிற்கவில்லை, நிற்கும் என்று நான் சொல்லவும் இல்லை.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களில் பலருக்கு மூளைக்கும் சிறுநீர்ப்பைக்குமான நரம்புத் தொடர்பு கெட்டுவிடுவதால், தாங்களே குழாய் விட்டுச் சிறுநீரை வெளியேற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை, சுத்தமான கையோடு செய்துகொள்ளும் இந்த முறையை 1972-இல் ஜாக் லாபிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர் நிலைநாட்டினார். எண்ணற்றவர்களின் சிறுநீரகத்தை அது காப்பாற்றியிருக்கிறது. விரல்கள் பலமிழந்தவர்களுக்குக் குழாயைப் பிடிக்கும் பிடியைச் செய்வது, பெண்களுக்குக் கண்ணாடி வைக்கும் கோணத்தைக் கண்டறிவது, சக்கர நாற்காலியில் இருந்தபடியே உடையைத் திறக்கும் வழியைச் சொல்வது எங்கள் வேலை. வேலூர் சி.எம்.சி.யில் 1966-இல் மறுவாழ்வு மையத்தை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸே சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்தான். இந்த நாட்டில் மறுவாழ்வு மருத்துவம் சக்கர நாற்காலியில் இருந்த ஒருவரின் கைகளிலிருந்தும் வளர்ந்தது என்பது எனக்குப் பெருமை.

டயப்பரை நான் வெறுப்பவள் அல்ல. நீண்ட பயணத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் அது ஒரு தைரியம். மற்ற எதையும் பார்க்காமல் அதையே முதல் மருந்தாகக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். நடக்கக்கூடிய ஒருவருக்கு நாள் முழுக்க டயப்பர் மாட்டிவிட்டால், கொஞ்ச நாளில் எழுந்து போகும் பழக்கமே போய்விடும். ஈரம் தோலை ஊறவைத்துப் புண்ணாக்கும். படுக்கையில் இருப்பவர்களுக்கு அது படுக்கைப் புண்ணில் கொண்டுபோய் விடும். போட்டே ஆக வேண்டியவர்களுக்கு நனைந்ததும் மாற்றி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரத்தைத் தடுக்கும் களிம்பைத் தடவ வேண்டும். பவுடர் கொட்ட வேண்டாம்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடுவீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. பிசியோதெரபியும் ஆதரவுச் சிகிச்சையும் வாசலுக்கு வருகின்றன. அந்த வாசலிலேயே இன்னொரு கேள்வியையும் கேட்கலாம்: "பாத்ரூம் போறதுல சிரமம் இருக்காம்மா? நேரத்துக்குப் போக முடியுதா?" கேட்காத வரை யாரும் சொல்லமாட்டார்கள். மருத்துவர்களிடமும் என் கோரிக்கை அதுதான். வீடு கட்டுகிறவர்களிடம் இன்னொன்று: கீழ்த்தளத்தில், படுக்கையறையை ஒட்டி, வெளியே திறக்கும் கதவோடு ஒரு கழிப்பறை கட்டுங்கள். இன்று உங்கள் பெற்றோருக்கு, பிறகு உங்களுக்கு.

உங்கள் வீட்டில் வயதானவர் இருந்தால், அவர் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ஒருமுறை கூடவே நடந்து பாருங்கள். எங்கே தடுமாறுகிறார், எதைப் பிடிக்கிறார், எந்தத் தாழ்ப்பாளில் நிற்கிறார் என்று பாருங்கள். சரிசெய்யக்கூடியதை இந்த வாரமே சரிசெய்யுங்கள். மிச்சத்துக்கு மருத்துவரையும், பக்கத்தில் இருக்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்டையும் அழையுங்கள்.